மெதுவா தட்டுங்கம்மா

"டிரம் தோல் கிழிஞ்சிடப் போகுது. யாரை நெனச்சு இந்த அடி அடிக்கறீங்க?" என்றார் டீச்சர்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்த இளம்பெண் கண்ணைத் திறந்தாள். மடியில் கிடந்த சின்ன டிரம்மை அடித்து அடித்து உள்ளங்கை சிவந்து போயிருந்தது. தியான வகுப்பு முடிந்து மற்றப் பெண்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எப்போதோ கிளம்பியிருந்தார்கள்.

"முகம் தெரியல டீச்சர். தெரிஞ்சா டிரம்மை எதுக்கு அடிக்கறேன்? அவ முடியைப் பிடிச்சு நடுத்தெருவுல இழுத்துப் போட்டு அடிச்சிருப்பேன்."

"யாரை?"

"எங்க வீட்டுக்காரர் போய்ப் பாக்கறாரே, அந்தப் பொம்பளையை." டிரம்மை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். "ஆபீஸ்ல வேலைன்னு சொல்றாரு. காலையில சட்டையில பட்டன் பிஞ்சிருந்தா, ராத்திரி வர்றப்போ அது தைச்சிருக்கு. ஆபீஸ்ல யாரு டீச்சர் பட்டன் தைப்பா?"

டீச்சர் அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பேனா? தினமும் சண்டைதான். நீயும் அவளை மாதிரியே ஆயிட்டேன்னு எழுந்து போயிடறாரு."

"எவளை மாதிரி?"

"முதல் சம்சாரம்." தயங்கிவிட்டுச் சிரித்தாள். "நான் ரெண்டாவது டீச்சர். கண்ணாடி வாங்க எங்க கடைக்கு வந்தாரு. அப்புறம் ஃப்ரேம் லூசா இருக்கு, லூசா இருக்குன்னு வந்துக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் லூசா இல்லைன்னு எனக்கும் தெரியும்."

"அப்ப அந்தம்மா வீட்டுல இருந்தாங்களா?"

"இருந்தாங்க. எங்க போனீங்க, யாரு போன்லன்னு ஓயாம நச்சரிப்பாங்களாம். மனுஷன் எத்தனை நாள்தான் தாங்குவாரு? டைவர்ஸ் பண்ணிட்டாரு. கல்யாணமானதும் முதல் வேலையா அவங்க போட்டோ ஆல்பத்தை எரிக்கச் சொன்னேன். நான் திறந்துகூடப் பாக்கல. அந்த மூஞ்சியைப் பாத்து எனக்கு என்ன ஆகணும்?"

டீச்சர் தன் டிரம்மை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரல் நுனியால் மெல்லத் தட்ட ஆரம்பித்தார்.

"கேட்டுக் கேட்டுத்தான் அவங்க புருஷனை இழந்தாங்க. நீங்க கேக்காதீங்க. அவர் எப்ப வந்தாலும், எப்படி வந்தாலும் ஒரு வார்த்தை பேசாதீங்க. ஆத்திரம் வந்தா இதை எடுங்க. மூச்சை இழுக்கறப்போ ஒரு தட்டு, விடறப்போ ஒரு தட்டு. மெதுவா தட்டுங்கம்மா. மனசுல இருக்கறது தானா இறங்கிடும்."

"அப்ப அவளைச் சும்மா விட்டுடறதா?"

"யாரு விடச் சொன்னா? பழி வாங்கறதுக்கும் நிதானம் வேணும். முதல்ல மனசு அடங்கட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை, உங்க வகுப்பு நோட்டீஸ் கிடைச்சுது. கதவிடுக்குல சொருகியிருந்தது. எங்க மாடியில வேற யாருக்கும் வரலையாம்."

"தீர்ந்து போயிருக்கும்" என்றார் டீச்சர்.

அன்று கணவர் வெகுநேரம் கழித்து வந்தார். கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து டிரம்மைத் தட்டினாள். முதலில் அழுகை வந்தது. பிறகு கை தானாக நிதானப்பட்டது, மூச்சு சீரானது. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாளும் தட்டினாள், அதற்கடுத்த நாளும் தட்டினாள். போனில் பார்த்து எதையோ பழகுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளும் திருத்தவில்லை. சட்டைக் காலரை மோந்து பார்ப்பதை விட்டாள். அவர் குளிக்கப் போகும்போது போனை எடுத்து நோண்டுவதையும் விட்டாள். முகம் தெளிந்துவிட்டது என்று கடையில்கூடச் சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், வகுப்பு முடிந்ததும் அவள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பல்லாம் கோபமே வர்றதில்ல டீச்சர். நேத்து அவர் சட்டையில நீளமா ஒரு முடி. என்னோடது இல்ல. எடுத்துக் குப்பையில போட்டுட்டு டிரம்மோட உக்காந்துட்டேன். அவ எவளா இருந்தா எனக்கென்னன்னு ஆயிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம்."

"எல்லாம் உங்களாலதான். நீங்க எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி."

"அக்கான்னே கூப்பிடுங்க" என்றார் டீச்சர்.

அவளை வழியனுப்பிவிட்டு, டிரம்களை அலமாரியில் அடுக்கினார். அறையைப் பூட்டிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டுக்கு நடந்தார். சாவி போட வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது.

அவசரமாகச் சமைத்து இறக்கிச் சாப்பாட்டு மேஜையில் தட்டை வைத்தார். உட்கார்ந்திருந்தவர் நாலு வாய் சாப்பிட்டதும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும், நேரமாச்சு. அப்ப நீ நச்சரிச்ச மாதிரி அவ மறுபடியும் ஆரம்பிச்சிடப் போறா" என்று எழுந்தார்.

டீச்சர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினார்.

"அவ கேக்க மாட்டா. நிதானமா சாப்பிட்டுட்டுப் போங்க."