மேஜையில் விட்டுப்போன தாள்

எதிர்க்கடையம்மா விட்டுப்போன தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பெடலுக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றியதோடு சரி.

உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். பதினெட்டு வருஷமாக சைக்கிள் கடை. புதுசு விற்பார், பழசு விற்பார், பஞ்சர் ஒட்டுவார், எதிலும் உருப்படியாக நின்றதில்லை. எதிரே அந்த அம்மா புது சைக்கிள் கடை போட்டதிலிருந்து இவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த வருஷமும் இப்படியே போனால் ஷட்டரை இறக்கிவிடலாம் என்று மனைவியிடம் சொல்லியும் விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மா காற்றடிக்கும் பம்ப் இரவல் கேட்டு வந்தார். சைக்கிள் கடைக்காரிக்கு பம்ப் இல்லையாக்கும் என்று முணுமுணுத்தபடி எடுத்துக் கொடுத்தார். அவர் போனபின் பார்த்தால், மேஜையில் நாலாக மடித்த தாள்.

‘அடுத்த மூணு வருஷம்’ என்று தலைப்பு.

புது சைக்கிள் விற்பதை விட்டுவிடு, ரிப்பேர் மட்டும் பார். கொல்லைப்புறத்துக்குக் கூரை போடு. ரயிலுக்குப் போகிறவர்கள் காலையில் வண்டியை அங்கே விட்டுப் போகட்டும். சாயங்காலம் வரும்போது பிரேக், செயின் எல்லாம் சரியாக இருக்கட்டும். பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம் முன்னாலேயே பிள்ளைகளின் வண்டிகளைக் கேட்டு வாங்கு.

பெடலின் கால் ஆடுவதை நிறுத்தியது. அந்த அம்மா ஆரம்பிப்பதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

முந்திக்கொண்டார். ஒரே வருஷத்தில் கூரைக்கடியில் நிற்க இடமில்லை. உதவிக்கு மனைவியின் தம்பியும் வேலைக்கு வந்துவிட்டார். சாப்பிடக்கூட நேரமில்லை என்று சொல்லிக்கொள்வதில் பெடலுக்குத் தனி சந்தோஷம்.

ஆனால் எதிர்க்கடையம்மா அதில் ஒன்றைக்கூட ஆரம்பிக்கவில்லை. நம்மால்தானே என்று உறுத்தியது. சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் விஷயத்தைக் கக்கினார். முதலில் போய்க் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடுங்கள் என்றாள் அவள்.

போனார். கிரீஸ் கறை படிந்த தாளை நீட்டினார்.

“இது உங்களோடது. திருப்பிக் குடுத்திருக்கணும். படிச்சுட்டு, அப்படியே செஞ்சுட்டேன். உங்க திட்டத்தைத் திருடித்தான் பொழைக்கிறேன்.”

அந்த அம்மா கோபப்படவில்லை. “கொல்லைப்புறத்துக்குக் கூரைன்னு எழுதியிருக்கே, பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“என் கடைக்குக் கொல்லைப்புறம் எங்க இருக்கு?”

பெடல் எட்டிப் பார்த்தார். கடையின் பின்சுவர். அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம். மூலையில் மூன்று பம்புகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

அவர் திரும்பினார். “நேராவே சொல்லியிருக்கலாமே.”

“நான் சொன்னா கேட்டிருப்பீங்களா?”

கேட்டிருக்க மாட்டார். அது இருவருக்கும் தெரியும்.

“இதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“ரிப்பேருக்கு ஆள் இல்லாத தெருவுல யாரு வந்து புது சைக்கிள் வாங்குவா?” என்றபடி அந்த அம்மா டிராயரைத் திறந்து, தன் கடைக்கென்று எழுதிய தாளை எடுத்து வைத்தார்.

அதே கையெழுத்து. அதே தலைப்பு. அதன் கீழே முதல் வரி:

‘எதிர்க்கடை மூடக் கூடாது.’