கூழுக்கு நேர்ந்த பயிர்

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள் ரோஸி. விடிந்தும் விடியாத வேளையில் கேழ்வரகுக் கொல்லைக்குள் குந்தி, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் சாமுண்டீஸ்வரியைக் கண்டதும், கையிலிருந்த கவரின் வாயை அவசரமாக இறுக்கி முடிந்தாள்.

"அடிப்பாவி! அம்மன் கூழுக்கு நேர்ந்துகினு போட்ட பயிருடி இது. சர்ச்சுக்குப் போறவளுக்கு எங்க சாமின்னா ஆவாதா?"

"இல்ல அத்தே, இதுல பூச்சி..."

"பூச்சியாவது, பொட்டாவது! கொல்ல சொட்ட சொட்டயா கீதேன்னு நாலு நாளா பாத்துகினுதான் கீறேன். வாயத் தொறக்காத!"

கேளம்பாக்கத்தில் கட்டடம் முளைக்காமல் மிஞ்சிய நாலைந்து கொல்லைகளில் இதுவும் ஒன்று. சத்தம் கேட்டு எதிர் அப்பார்ட்மென்ட் பால்கனிகளில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சாமுண்டீஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆடிக் கூழுக்கு வருஷம் தவறாமல் மாவு தருகிற வீடு, இன்று சந்தி சிரிக்கிறதே!

கொல்லையோரத்து அம்மன் கோயில் வாசலுக்கு அவளைத் தரதரவென்று இழுத்துப் போனாள். "கும்புட்டு மன்னிப்பு கேளு!"

ரோஸி அழுதுகொண்டே மண்டியிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வேளாண்மை அதிகாரி சுகுமாரின் பைக் வந்து நின்றது. ஊரில் கேழ்வரகெல்லாம் மஞ்சளடிக்கிறது என்று கொல்லை கொல்லையாக ஏறி இறங்குகிறவர். பயிருக்கு நடுவே தெரிந்த சொட்டைகளைப் பார்த்தார், கவரையும் பார்த்தார்.

"இதைப் புடுங்கினது யாரும்மா?"

சாமுண்டீஸ்வரி கூனிக் குறுகிப்போனாள். "எம் புள்ள பாலு இஸ்துகினு வந்து கட்டிகினவ சார். எங்க வூட்டுப் பொண்ணு இல்ல. எங்க வூட்டாளுங்க இப்டியெல்லாம் செய்ய மாட்டாங்க."

அவர் ரோஸியின் கையிலிருந்த கவரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருந்த ஒவ்வொரு இலையிலும் வெளிறிய கோடுகள். பொடிப் பூச்சிகள் வெளியே வர வழியில்லாமல் கவருக்குள்ளேயே தத்திக்கொண்டிருந்தன.

"இது புதுசா வந்திருக்கிற வைரஸ்மா. மருந்து கிடையாது. இந்தப் பூச்சிதான் செடிக்குச் செடி கொண்டுபோய்ப் பரப்புது. சுத்துப்பட்டுல வேற ஒரு கொல்லைகூட தேறல."

"அப்போ... எங்க பயிரு மட்டும் எப்டி சார் நிக்குது?" சாமுண்டீஸ்வரி கொல்லையைத் திரும்பிப் பார்த்தாள்.

மண்டியிட்டிருந்த ரோஸியை அவர் காட்டினார்.

"சீக்குச் செடியா பாத்து இவங்க புடுங்கலன்னா, உங்க அம்மனுக்கு இந்த வருஷம் கூழே இல்லம்மா."