மடியில் ஒட்டிய பிள்ளை

கந்தப்பு காய்ச்சலில் போனபோது பிள்ளை வயிற்றில் இருந்தது. தகப்பனும் மகளும் ஒரு படத்திலாவது சேர்ந்திருக்கட்டும் என்று தங்கரத்தினம் ஆல்பத்தை விரித்தாள். அடியில், இனி உடுத்தப்போகாத கூறைச் சேலையில் வெட்டிய துண்டு. அதன்மேல் மலாய் ஊரான பாலிக் புலாவிலிருந்து வந்த ஜாதிக்காய் இலைகள். அவற்றின்மேல், மோதிரம் தெரிய மடியில் கைகளை வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவனின் ஸ்டூடியோப் படம். கடைசியாகப் பிள்ளையின் படத்தைக் கத்தரித்து, பசை தடவி அவன் மடியில் ஒட்டினாள்.

"ஐயோ, மோதிரக் கையை மறைச்சுப்போட்டன்."

பக்கத்து வீட்டு சல்மா, முக்காடு தோளில் சரிந்து கிடக்க, எட்டிப் பார்த்தாள். "புடிக்க ஆளில்லாம புள்ள விழுந்துடும் போல இருக்கே, அக்கா."

பசை காய்வதற்காக ஆல்பத்தின்மேல் அம்மிக்குழவியை ஏற்றி வைத்தார்கள்.

மறுநாள் காலையில் திறந்தபோது, மோதிரக் கை பிள்ளையின் வயிற்றின்மேல் இருந்தது. தங்கரத்தினம் விரலால் தடவினாள். பிள்ளையைச் சுற்றி வெட்டிய காகிதத்தின் விளிம்பு தட்டுப்பட்டது. கையைச் சுற்றி விளிம்பே இல்லை.

சல்மாவும் வந்து தடவிப் பார்த்தாள்.

"இனி விழாது லா," என்றாள் மெதுவாக. பிறகு, வீட்டில் ஆண் ஒருவர் இருக்கும்போது செய்வதுபோல, முக்காட்டைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.