கை கொடுக்காத மகள்

“பெத்த அப்பன் மூச்சுக்குத் தவிக்கிறாரு, நீ போன்ல படம் எடுத்துட்டு நிக்கிறியே! மனுஷிதானா நீ?”

ஆஸ்பத்திரி மாடிப்படியே அதிர்ந்தது. கத்தியவர், மனைவியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து லிஃப்டுக்காகக் காத்திருந்தவர்.

ஒன்பதாவது படியில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றார் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர். தோள் ஏறி ஏறி இறங்கியது. கீழே அவர் மகள். போனை இறக்கவில்லை.

“குடும்மா அந்தப் போனை!” என்று கத்தியவர் பிடுங்கப் போனார்.

“தொடாதீங்க!” டிரைவர்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. “எடுக்கச் சொன்னதே… நான்தான்.”

“எதுக்கு?”

மகள் சொன்னாள். “நுரையீரல் பயிற்சியில சேருங்கன்னு கீழே டிவியில ஒரு வீடியோ ஓடுது பாருங்க சார். அதுல வர்றவருக்கு வேர்க்கக்கூட இல்ல. நோயாளிங்க நம்பாம எந்திரிச்சுப் போயிடறாங்க. அப்பாவும் அப்படிப் போனவர்தான். ஒரு வருஷம் வீணாப்போச்சு. அதான், அவரையே எடுத்துப் போடப்போறோம்.”

“முதல் வாரம் நாலு படி,” என்றார் டிரைவர். “இன்னைக்கு… மாடி முழுசும். மூச்சு வாங்கினா வாங்கட்டும். மறைச்சா எவன் நம்புவான்?”

“நீயாவது ஒரு கை குடுக்கக் கூடாதாம்மா?”

“குடுத்தா படத்தை அழிச்சிட்டு மறுபடி முதல் படியிலேருந்து ஏறுவேன்னு மிரட்டியிருக்காரு சார்.” கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

மேல்படியில் நின்ற பிசியோதெரபிஸ்ட் அம்மா, “உதட்டைக் குவிச்சு ஊதுங்க… ம், இப்ப ஏறுங்க,” என்றார்.

“இதெல்லாம் ஒரு வைத்தியமா?” கத்தியவர் விடுவதாயில்லை. “என் சம்சாரத்துக்கும் இதே நோய்தான். ரெண்டு வருஷமா ஒரு டம்ளர் தண்ணியைக்கூட அவளைத் தூக்க விட்டதில்ல நான். பார்த்துக்கிறதுன்னா அப்படிப் பார்த்துக்கணும்!”

டிரைவர் ஏறினார். பத்து. பதினொன்று. நின்றார். ஊதினார். மறுபடி ஏறினார். கடைசிப் படியில் கால் வைத்ததும் திரும்பி, போனைப் பார்த்துச் சொன்னார்:

“செத்துடல. நல்லாப் பார்த்துக்குங்க!”

லிஃப்ட் வந்தது. கணவர் நாற்காலியைத் தள்ளினார். நகரவில்லை. மனைவி இரண்டு கையாலும் சக்கரத்தை இறுகப் பிடித்திருந்தாள்.

“என்ன ஆச்சு?”

“இந்தப் பயிற்சியில என்னைச் சேரச் சொல்லி டாக்டர் எழுதின சீட்டு, மூணு மாசமா உங்க பர்ஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? எடுத்து அந்த அம்மாகிட்ட குடுங்க.”