ஒப்பிடுவதற்கு ஒரு கண்

பிடரியில் யாரோ ஆணி அடித்து வைத்தது போல வலித்தது.

காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தே கிடந்தால் வேறெப்படி இருக்கும். மூட்டை சுமந்தவர்களின் வீட்டில் பிறந்தவள் அவள். அடித்துப் பிடித்துப் படித்து விஞ்ஞானி ஆகி நிமிர்ந்து பார்த்தால், வலி மட்டும் பரம்பரைச் சொத்து மாதிரி பின்னாலேயே வந்திருந்தது.

அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். சாயம் ஏற்றிய செல்கள் இருட்டில்தான் ஒளிரும்.

கண்ணாடித் தகட்டில், இறந்துபோன ஒரு மனிதரின் விழித்திரையிலிருந்து சீவியெடுத்த துணுக்கு. ஊதினால் பறந்துவிடும் அவ்வளவு மெல்லிசு.

இரண்டு தகடுகள், கண்ணுக்கு ஒன்றாக. ஒரு கண்ணில் அவள் கண்டுபிடித்த மருந்தை ஊசியாகப் போட்டிருந்தார்கள். இன்னொன்றில் எதுவும் போடவில்லை. எந்தத் தகடு எந்தக் கண் என்பது பக்கத்தில் நிற்கும் உதவியாளப் பெண்ணுக்கு மட்டுமே தெரியும். பார்க்கிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் இல்லாததும் இருப்பதாகத் தோன்றிவிடும்.

அவளுக்குத் தலை நரைத்ததே இந்த ஒரு நோயோடு மல்லுக்கட்டித்தான். ஓரத்தில் ஆரம்பித்து, நடுவை நோக்கிப் பார்வையைத் தின்றுகொண்டே வரும் நோய்.

எலியின் கண்ணில் மருந்து வேலை செய்தது. மனிதக் கண்ணில்? வெளியிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால் செய்கிற மாதிரி இருந்தது. மாதிரிக்கெல்லாம் யாரும் அனுமதி தர மாட்டார்கள். அடுத்த வாரம் அனுமதிக் குழு கூடுகிறது. இன்றைக்கு ஒன்றும் தெரியாவிட்டால் வேலையை இழுத்து மூடிவிடுவார்கள். மருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுக்குள் போக வேண்டியதுதான்.

முதல் தகட்டில் ஒன்றுமில்லை. ஒளியை வாங்கும் செல்கள் இருக்க வேண்டிய இடம் வெறும் பொட்டலாகக் கிடந்தது.

அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

உதவியாளப் பெண் இரண்டாவது தகட்டை வைத்தாள்.

அதுவும் பொட்டல். தகட்டை நகர்த்தும் திருகை மெல்லத் திருப்பினாள். பொட்டல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

விரல் நின்றுவிட்டது.

கரை போட்ட மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் சூனியம். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று செல்கள், வரிசை வரிசையாக, இடைவெளி இல்லாமல். விடியுமுன் கூலிக்கு ஆள் எடுக்கும் முக்கில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்பார்களே, அப்படி நின்றன. வெளிச்சம் வந்ததும் வேலையில் இறங்கத் தயாராக.

மருந்து எதுவரை பரவியதோ, அதுவரை உயிர் நின்றிருக்கிறது.

மூச்சு விடப் பயந்தாள். விட்டால் கலைந்துவிடுமோ என்றிருந்தது. கைகள் தாமாகவே குவிந்தன. யாரைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இது எந்தக் கண்ணுடி?"

"வலது, அக்கா! ஊசி போட்ட கண்ணு! ஐயோ, என்னக்கா இப்படி அழுவுறீங்க, லென்ஸ் நனைஞ்சிரப் போகுது!"

சொன்னவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மற்றவர்களைக் கூப்பிட வெளியே ஓடினாள்.

அறையில் தனியாக, அவள் முதல் தகட்டை எடுத்து மறுபடி வைத்தாள்.

அந்த மனிதரை அவளுக்குத் தெரியும். லாரியில் சரக்கு ஏற்றுகிறவர். போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். செத்தால் கண் இரண்டும் மேடத்துக்குத்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஊசி போட வந்த அன்று அவர் கேட்டார்: "ரெண்டுலயும் போட்டா கொறஞ்சா போயிருவீங்க, மேடம்?"

ஒன்றை அப்படியே விட்டால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்று விளக்கினாள். சரி, உங்க இஷ்டம் என்று சிரித்துக்கொண்டே படுத்தார்.

எந்தக் கண்ணில் போடுவது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. மருந்து புதிது. எக்குத்தப்பாக ஏதாவது ஆனால் இழப்பு சின்னதாக இருக்க வேண்டும். அதனால் இரண்டில் எது மோசமோ அதில்தான் போடுவார்கள்.

அவருக்கு மோசமானது வலது.

இடது கண்ணால் அவர் அன்றைக்கு ஜன்னலோரம் நின்று, தெருவில் போன லாரியின் நம்பரைப் படித்துக் காட்டிப் பெருமையடித்தார். அந்தக் கண்தான் இப்போது இந்தப் பொட்டல்.

அது மங்க ஆரம்பித்ததும் வருஷா வருஷம் வந்து கேட்டார், இதுக்கும் போட்டிருங்களேன் என்று. மருந்து வேலை செய்கிறது என்று நிரூபணம் வரட்டும் என்று சொல்லி அனுப்பியது அவள்தான்.

நிரூபணம் வந்துவிட்டது. அவர் போய்த்தான் வந்தது.

கைதட்டிக்கொண்டு வருகிறவர்களின் சத்தம் கதவை நெருங்கியது.

அந்த மனிதருக்கு அவள் ஒரு நல்ல கண் பாக்கி.