ஒரு விரற்கடை சாய்வு

"பென்சில் கோடு ஒண்ணுகூட மாறக் கூடாதும்மா. சாயங்காலத்துக்குள்ள எல்லா ஸ்டேஷனுக்கும் இது போயாகணும்" என்று இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தை மேசைமேல் வைத்தார்.

போலீஸ் புகைப்படப் பிரிவில் அவளுக்கு இது ஆறாவது வருடம். ஓவியர் வரைந்து தரும் திருட்டு முழிகளைக் கேமராவில் பிடித்து அனுப்புவதுதான் வேலை. எத்தனையோ முகம் பார்த்தாயிற்று. இந்த முகத்தைப் பார்த்ததும் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் தம்பி!

அதே தாடை, அதே கூர்மூக்கு. சைக்கிள் ஓட்டச் சொல்லித் தருகிறேன் பேர்வழி என்று சின்ன வயதில் இவள் கீழே தள்ளிவிட்டதில் வந்த புருவத் தழும்புகூட இருந்தது. போன வருடம் ஒரு செல்போன் திருட்டில் மாட்டி, 'இனிமேல் இல்லக்கா' என்று இவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன். மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை. போனும் ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் என்ன செய்து தொலைத்தானோ, பாவி!

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"ஒண்ணுமில்ல சார். லைட்டைச் சரி பண்றேன்."

அவர் போன் பேச வெளியே போனார். அவள் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முகத்தை மாற்றி எடுத்து மாட்டிக்கொண்டால் வேலை போகும். செய்யாவிட்டால் தம்பி போவான்.

முறைப்படி, கேமரா காகிதத்துக்கு நேர் மேலே இம்மியும் சாயாமல் நிற்க வேண்டும். இரண்டு பக்க விளக்கும் சமமாக விழ வேண்டும். ஒருநாளும் அதில் தவறாதவள், ஸ்டாண்டின் திருகாணியைத் தளர்த்தி, கேமராவை ஒரு விரற்கடை சாய்த்தாள். திரையில் தாடை ஒடுங்கி நெற்றி அகன்றது. ஒரு விளக்கை அணைத்தாள். காகிதத்தின் சொரசொரப்பெல்லாம் கன்னத்தில் அம்மைத் தழும்பாக எழும்பியது. கேமராவில் வெளிச்ச அளவைக் கூட்டினாள். மெல்லிய கோடாக இருந்த புருவத் தழும்பு காணாமலே போயிற்று.

எடுத்து முடிப்பதற்கும் பூட்ஸ் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

"எங்கே, காட்டு." இன்ஸ்பெக்டர் திரையருகே குனிந்தார். "ஓவியர் ஸ்கேல் வச்சு அளந்து அளந்து வரைஞ்சாரு. இதுல முகம் ஒரு மாதிரி இருக்கே?"

"திரையில அப்படித்தான் சார் தெரியும். பிரிண்ட்ல சரியா வரும்."

அவர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி, அனுப்பு."

அனுப்பினாள். அப்பாடா! பயல் வீட்டுக்கு வரட்டும், நாலு அறை விட்டு ஊரைவிட்டே அனுப்பிவிட வேண்டியதுதான். குரலை இயல்பாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கே திருடினானாம் சார்?"

"திருடனா? யாரு சொன்னா? லாரி மோதிச் செத்துப்போன பையன்மா இவன். பாதி முகம் சிதைஞ்சுட்டதால போட்டோ போட முடியல; அம்மாவோ அக்காவோ அடையாளம் தெரிஞ்சு வந்து, உடம்பையாவது வாங்கிட்டுப் போகட்டுமேன்னுதான் வரையச் சொன்னேன்."