ஐந்தாவது வரி

பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலையின் ஆசிட் அறைச் சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள் தன்னுடைய பாடத்தாளைப் பார்க்கிறார் வேதியியல் ஆசிரியை கிறிஸ்டினா. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் இணையத்தில் போட்டது. கூரை ஓட்டையிலிருந்து விழும் வெயில் ஐந்தாவது வரியில் நிற்கிறது: ‘ஆசிட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றவும்.’ தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். மாற்றி எழுதிவிட்டதைக் கண்டு, போட்ட மறுநாளே இணையத்தில் திருத்திவிட்டார். இந்தத் தாள் முதல் நாள் எடுத்தது. பக்கத்து ஷெட்டில் தோல் பதனிடும் டிரம்கள் கடகடவென்று சுற்றுகின்றன. “உங்க பாடந்தான் டீச்சர், எல்லாருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டேன்” என்கிறார் தொழிலாளி கலீமுல்லா, பெருமையாக. அவருடைய இடது கையில் முழங்கை வரை கட்டு. கிறிஸ்டினாவின் விரல் தானாகவே அந்த வரியை மறைக்கிறது. “கையில இன்னாங்க?” “தெறிச்சிடுச்சு டீச்சர். நீங்க எழுதுன மாதிரிதான் ஊத்துனேன். நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன்.”